தொட்டியில கை வைக்கலாமா?

நம்ம மக்கள்ல பாதிப் பேருக்கு எறான்னா தொக்கு, மீதிப் பேருக்கு எறா வடை. அதைக் கண்ணாடித் தொட்டியில விட்டு உக்காந்து வேடிக்கை பார்க்குற கேஸு எங்க தெருவுல நான் ஒருத்தன்தான். புதுச்சேரியில பொறந்து, பெரிய மார்க்கெட் மீன் அங்காடி வாசனையில வளர்ந்துட்டு, எறாவைக் காசு குடுத்து வாங்கி அதுக்குச் சாப்பாடும் போடுறேன்னா சொந்தக்காரங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. "எப்பப்பா கொழம்பு?"ன்னு கேக்காத மாமா கிடையாது. ஒண்ணு ரெண்டரை சென்டிமீட்டர்தான் மாமா, கொழம்புக்கு ஐநூறாவது வேணும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். எறா வளர்க்குறவங்ககிட்ட பேசினா ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா வரும். தொட்டிக்குள்ள வெறுங்கையை விடலாமா, கூடாதா? ஒரு கட்சி, "அய்யய்யோ, கை பட்டாலே செத்துடும், கையுறை போட்டுக்கோ"ங்கும். இன்னொரு கட்சி, "நான் பத்து வருஷமா விடுறேன், ஒண்ணும் ஆகல, போய்யா"ங்கும். ரெண்டு கட்சியும் பாதி சரி, பாதி தப்புங்கறது என் கருத்து. இதை நான் உக்காந்து யோசிச்செல்லாம் கண்டுபிடிக்கல. முப்பத்தொரு உசுரைக் குடுத்து, பெத்த பொண்ணு மேல பழியும் போட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். (இந்தப் பதிவுல கொசுவத்திக்கு நிஜ அர்த்தமும் இருக்கு, கடைசில புரியும்.)

இருபது லிட்டர் தொட்டி. அதுல சுமார் நாப்பது செர்ரி எறா, துணைக்கு நாலு கப்பி மீன். ஒரு செவ்வாய்க்கிழமை காலைல காபியோட போய்ப் பார்த்தா, பாதி எறா மல்லாந்து கிடக்குது. சிலது பக்கவாட்டுல சாய்ஞ்சு காலை மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துக்கிட்டிருக்கு. சிலது பைத்தியம் புடிச்ச மாதிரி கண்ணாடியில முட்டி முட்டி ஓடுது. மத்தியானத்துக்குள்ள முப்பத்தொண்ணு காலி. கப்பி நாலும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வாலாட்டிக்கிட்டு சுத்துது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது சின்னது பண்ணின வேலை. ஏழு வயசு. சனிக்கிழமை சாயங்காலம் எறா மேல ஏறுதான்னு பார்க்க முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டு நின்னா. அப்பவே சத்தம் போட்டிருந்தேன். இப்ப சாமியாடிட்டேன். "உன் அழுக்குக் கைதான் எல்லாத்தையும் கொன்னுச்சு"ன்னு சொன்னேன். ஆமா, அப்படியேதான் சொன்னேன். புள்ள ஒண்ணும் பேசல, உள்ள போய் அழுதுது. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை எழுத முடியாது.

புதன்கிழமை ராத்திரி வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டே, தலையைக்கூட நிமித்தாம சொல்லுது: "அப்பா, நான் கை வெச்சது சனிக்கெழம. எறா செத்தது செவ்வாக்கெழம. ஞாயித்துக்கெழம பூரா நல்லாதான இருந்துச்சு? திங்கக்கெழம நீதான் கை வெச்ச."

அப்பதான் பொட்டுல அடிச்சுது. திங்கக்கிழமை ராத்திரி சமையல்கட்டுல கரப்பான். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடிச்சேன். மூக்கு லேசா ஒழுகி ஆள்காட்டி விரல் ஈரமாச்சு. லுங்கியில தொடைச்சேன். பத்து நிமிஷத்துல, தொட்டியில ஸ்பான்ஞ் பில்டர் மேல எழும்பி நிக்குதேன்னு அதே கையை விட்டு அமுக்கிட்டு வந்து படுத்துட்டேன்.

கப்பி பொழைச்சு எறா மட்டும் செத்ததுலேயே விடை இருந்துச்சு. கரப்பான், கொசு, எறும்பு, எறா, நண்டு எல்லாமே கணுக்காலி வம்சம், பங்காளிங்க. நாம கடையில வாங்குற பூச்சி ஸ்ப்ரேல பெரும்பாலும் இருக்குறது பைரித்ராய்டு வகை மருந்து. சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின்னு டப்பா பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும். அது பூச்சியோட நரம்பை அடிக்குற மருந்து. எறாவோட நரம்பும் கிட்டத்தட்ட அதே டிசைன்தான். மருந்துக்கு இது கரப்பான், இது செல்லப்பிராணின்னெல்லாம் தெரியாது. மீனுக்கும் அது விஷம்தான், ஆனா எறாவுக்கு ஆகுற அளவு அதைவிட ரொம்பக் கம்மி.

எவ்வளவு கம்மின்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரல்ல ஒட்டுனது 20 மில்லிகிராம்னு வைங்க, அது அரைச் சொட்டுகூட இல்ல. அதுல ஆயிரத்துல ஒரு பங்கு மருந்துன்னா 20 மைக்ரோகிராம். இருபது லிட்டர் தண்ணியில கலந்தா லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். கேக்கவே சிரிப்பா இருக்குல்ல? ஆனா பல எறா இனங்களுக்கு சைபர்மெத்ரின் மாதிரி மருந்துல இந்த 1 மைக்ரோகிராமே தாராளம். லுங்கியில தொடைச்சா போயிடுச்சுன்னு நெனச்ச கை, தொட்டியைப் பொறுத்தவரைக்கும் விஷக் கரண்டி.

ஆக, சின்னதோட அழுக்குக் கை ஒண்ணையும் கொல்லல. என்னோட "சுத்தமான" கைதான் கொன்னுச்சு. சாரி சொன்னேன். "எங்கிட்ட வேணாம், எறாகிட்ட சொல்லு"ன்னா. சொன்னேன்.

இதுலேர்ந்து நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். கேள்வியே தப்பு. வெறுங்கையான்னு கேக்கக் கூடாது, கை நெஜமாவே வெறுமையா இருக்கான்னு கேக்கணும். நம்ம தோல் எறாவுக்கு விஷம் இல்ல. சொல்லப்போனா சுத்தமான கையை அசையாம வெச்சா, மேல ஏறி வந்து குட்டிக் குட்டி இடுக்கியால செத்த தோலைக் கொறிக்கும். அந்தச் சுகத்துக்காகவே இதை வளர்க்கலாம். பிரச்சனை, நம்ம கை எப்பவுமே எதையாவது பூசிக்கிட்டுத் திரியுதுங்கறதுதான். ஒரு நாள் என் கையில என்னென்ன ஏறுதுன்னு எண்ணிப் பார்த்தேன்:

- சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட். நுரை போனா சோப்பு போச்சுன்னு அர்த்தம் இல்ல.
- கொசு கிரீம், தலைவலித் தைலம், தேங்கா எண்ணெய். எண்ணெய் தண்ணி மேல ஏடா நின்னா, உள்ள காத்து கரையறது குறையும்.
- சானிடைசர். ஆல்கஹால் பறந்துடும், வாசனையும் பசையும் கையிலேயே நிக்கும்.
- நாய் வளர்க்குறவங்களா? உண்ணிக்குப் போடுற சொட்டு மருந்து. நாயைத் தடவின கையைக் கழுவாம விட்டா என் கதைதான் உங்களுக்கும்.
- பீடி, சிகரெட். நிக்கோட்டினை ஒரு காலத்துல பூச்சிக்கொல்லியாவே வித்தாங்க.
- மாடித் தோட்டத்துக்கு அடிச்ச மருந்து.

நம்ம ஊர்ப் பழக்கத்துல இன்னொண்ணு இருக்கு: செம்பு. செம்புப் பாத்திரத்துல ராத்திரி தண்ணி வெச்சுக் காலைல குடிக்குற வீடு நிறைய. மனுஷனுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாமிரம் வரைக்கும் பரவால்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எறாவுக்கு அதுல ஒரு சின்னப் பங்கே ஆகாது. வேடிக்கை என்னன்னா, எறாவோட ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்குறதே தாமிரம்தான். நமக்கு இரும்பு மாதிரி அதுக்குத் தாமிரம். உடம்புக்குள்ள அளவோட இருந்தா உசுரு, தண்ணியில கூடிப்போனா சாவு. அதனால செம்புக்குடத் தண்ணியை "நல்ல தண்ணி"ன்னு தொட்டியில ஊத்தாதீங்க. கையில இருக்குற செம்புக் காப்பையும் கழட்டி வெச்சுடுங்க. ஒரு நிமிஷத்துல அதுலேர்ந்து பெருசா கரையாதுதான். ஆனா அது இடுக்குல சோப்பை ஒளிச்சு வெச்சிருக்கும்.

மத்த ஊரைவிட நம்ம ஊர்ல இது ஏன் முக்கியம்னா, புதுச்சேரியும் கொசுவும் அப்படியொரு பந்தம். கொசுவையும் அது பரப்புற நோயையும் ஆராயுற வி.சி.ஆர்.சி. 1975ல இங்க வந்துதுன்னா சும்மாவா? அக்டோபர்ல மழை ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் வீட்டுக்கு வீடு மருந்துதான். செருகி வைக்குற லிக்விடு, கொசுவத்தி, பேட்டு, ஸ்ப்ரே. அந்தச் செருகுற லிக்விடுல இருக்குறதும் பெரும்பாலும் டிரான்ஸ்ப்ளூத்ரின்ங்கற அதே பைரித்ராய்டு குடும்பம். கையையே விடலைன்னாலும், தொட்டிக்குப் பக்கத்துல இருக்குற ஏர் பம்ப் அந்த ரூம் காத்தைத்தான் உறிஞ்சித் தண்ணிக்குள்ள கொப்பளிக்குது. (கொசுவத்தி சுத்தினதுக்கு நிஜ அர்த்தம் வந்துடுச்சா?) தொட்டி இருக்குற ரூம்ல இப்ப கொசுவலைதான் கட்டுறோம்.

கொசுப்புழுவைக் கொல்ல தொட்டித் தண்ணியில ஊத்துற டெமிபாஸும் இதே கதைதான். டெங்கு சீசன்ல அது அவசியம், மனுஷன் உசுருதான் முக்கியம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. அந்தத் தண்ணியை எடுத்து எறாவுக்கு ஊத்தாம இருக்கறது நம்ம பொறுப்பு. இதுக்கு நடுவுல ஒரு நல்ல சேதி: பி.டி.ஐ.ன்னு ஒரு பாக்டீரியா மருந்து இருக்கு. கொசுப்புழு தின்னா அதோட குடல்ல போய் வேலை காட்டும், எறாவை ஒண்ணும் பண்ணாது. அதுல ஒரு ரகத்தை நம்ம வி.சி.ஆர்.சி.யிலேயே பிரிச்செடுத்தாங்கன்னு சொல்லிக்க எனக்கு ஒரு பெருமை.

கையுறைக் கட்சிக்கு வருவோம். கையுறை போட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனைக்குறது மாய நம்பிக்கை. மருந்து பட்ட கையாலதான கையுறையை எடுத்து மாட்டுறீங்க? அந்த மருந்து கையுறை மேல ஒட்டாதா? சிலதுல உள்ள பவுடர் வேற. கையுறை போட்டா எறா நசுங்கறதும் தெரியாது. சட்டை உரிச்ச எறா ஒரு நாள் ரெண்டு நாள் மெத்துனு பாசிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். விரல் நுனிக்குத்தான் அது தெரியும், ரப்பருக்குத் தெரியாது. கையுறை வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ஆனா அது எறாவுக்காக இல்ல, நமக்காக.

"பத்து வருஷமா விடுறேன், ஒண்ணும் ஆகல" கட்சி கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். தொட்டித் தண்ணியில மைக்கோபாக்டீரியம் மாரினம்னு ஒரு கிருமி இருக்கலாம். காசநோய், குஷ்டம் ரெண்டையும் உண்டாக்குற கிருமிங்களோட பங்காளி. 1926ல பிலடெல்பியா மீன் காட்சியகத்துல செத்த மீன்கள்லதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. 1950கள்ல சுவீடன்ல ஒரு நீச்சல் குளத்துல குளிச்சவங்களுக்குத் தோல்ல வந்ததை வெச்சு, மனுஷனையும் புடிக்கும்னு தெரிஞ்சுது. கையில சின்னக் கீறல், வெட்டு இருந்தா அது வழியா நுழையும். உடனே ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு, சில சமயம் மாசக்கணக்குல கழிச்சுகூட, விரல்ல ஒரு கட்டி. வலியும் பெருசா இருக்காது, ஆறவும் ஆறாது. சிலருக்கு அப்படியே வரிசையா கை மேல ஏறும். 30 டிகிரி சுமாருக்குத்தான் இது நல்லா வளரும், உடம்புச் சூட்டுல அவ்வளவா வளராது. அதனாலதான் பெரும்பாலும் கையோட நிக்குது. லேப்லயும் வழக்கமான 37 டிகிரியில வெச்சா வளராமப் போகலாம்.

சரியான மருந்து குடுத்தா குணமாகும், ஆனா மாசக்கணக்குல சாப்பிடணும். அதைவிடப் பெரிய சிக்கல், டாக்டருக்கு இது தோணாமப் போறது. அதனால ஆறாத கட்டியோட டாக்டர்கிட்ட போனா, அவர் கேக்கலைன்னாலும் முதல் வரியாச் சொல்லுங்க: "சார், நான் மீன் தொட்டி வெச்சிருக்கேன்." இந்த ஒரு வரி பல மாச அலைச்சலை மிச்சம் பண்ணும். கையில வெட்டு, கீறல் இருந்தா ஆறுற வரைக்கும் தொட்டி வேலை வேணாம், இல்ல முழங்கை வரைக்கும் வர்ற நல்ல கையுறை போடுங்க. எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்குறவங்க, சர்க்கரை இருக்குறவங்க வேலையை வேற ஆள்கிட்ட விடுங்க. இந்த ஊர்ல சர்க்கரை இல்லாத வீடு எது?

எல்லாத்தையும்விட உடனடி ஆபத்து கரண்ட். எறாவுக்குப் பயந்து அரைமணி நேரம் கை கழுவுற ஆளு, 230 வோல்ட்டு ஓடுற பம்பு உள்ள இருக்கும்போதே கையை விடுவாரு. சுவிட்சை ஆப் பண்ணினா போதாது. வயரிங்ல மாத்திக் குடுத்திருந்தா ஆப்லயும் கரண்ட் நிக்கும். பிளக்கைப் புடுங்கிட்டுக் கை வைங்க. மலிவு பம்புல ரெண்டு முள்ளுதான், எர்த் கிடையாது. வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுடுங்க. வயரை பிளக்குக்குக் கீழ தொங்கி மேல ஏறுற மாதிரி விடுங்க, அப்பதான் வயர் வழியா வர்ற தண்ணி பிளக்குக்குள்ள போகாம கீழ சொட்டும்.

இவ்வளவும் ஓவரா இல்லையான்னு கேப்பீங்க. ஈ.சி.ஆர்.ல மரக்காணம் பக்கம் போனா எறா குஞ்சு பொரிக்குற பண்ணைங்க இருக்கு. அங்க வாசல்லயே காலை மருந்துத் தண்ணியில நனைச்சு, கையைக் கழுவிட்டுத்தான் உள்ள விடுவாங்க. சும்மா இல்ல, 1994–95ல வெள்ளைப் புள்ளி வைரஸ் வந்து கிழக்குக் கடற்கரை எறாப் பண்ணைகளை வாரிக்கிட்டுப் போச்சு. அந்த அடியிலேர்ந்து கத்துக்கிட்ட பாடம் அது. கோடிக்கணக்குல பணம் போட்டவன் கை கழுவுறான். நமக்கு நாப்பது உசுருதான், ஆனா கழுவற தண்ணி அதே விலைதான?

என் வீட்டு முறை இப்ப இதுதான். பிளக்கைப் புடுங்கு. மோதிரம், காப்பு, வாட்ச் கழட்டு. கையில காயம் இருக்கா பாரு. முழங்கை வரைக்கும் வெறும் தண்ணியில ஒரு நிமிஷம் தேய்ச்சுக் கழுவு. எண்ணெயோ மருந்தோ பட்டிருந்தா முதல்ல வாசனையில்லாத சோப்பு, அப்புறம் சோப்பு வழவழப்பு துளிகூட இல்லாத வரைக்கும் தண்ணி. அன்னிக்குப் பூச்சி மருந்தைத் தொட்டிருந்தா, கழுவினாலும் தொட்டிப் பக்கமே போகாதே. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டு நல்லாக் கழுவு, சமையல்கட்டு தொட்டியில இல்ல, பாத்ரூம்ல. தண்ணி மாத்த டியூபை வாயால உறிஞ்சாதே. அவ்வளவுதான்.

கடைசியா ஒரு ஆதங்கம். நான் முதல்ல எறா வாங்கின கடையில, கவர்ல கட்டிக் குடுத்துட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாங்க. பூச்சி மருந்து ஆகாது, செம்பு ஆகாது, கையைக் கழுவு, பிளக்கைப் புடுங்குன்னு நாலு வரி. சொல்ல ஒரு நிமிஷம், ஒரு துண்டுச் சீட்டுல அடிச்சா அதுவும் வேணாம். கொளத்தூர்லேர்ந்து கடைக்கோடி ஊர் வரைக்கும் உசுரை விக்கிற எல்லாக் கடைக்கும் இதைச் சொல்லிக்குறேன். செத்தா திரும்ப வாங்க வருவான்னு நெனைக்காதீங்க. பாதிப் பேர் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏத்திடுவான்.

புள்ளைங்களைத் தொட விடலாமான்னா, தாராளமா விடுங்க, கூட நின்னுக்கிட்டு. "தொடாதே"ன்னு சொன்னா, நாம பார்க்காதப்போ தொடும். "கழுவிட்டுத் தொடு"ன்னு சொன்னா, நமக்கே வந்து ஞாபகப்படுத்தும்.

மிச்சம் இருந்தது ஒம்பது எறா. பாதித் தண்ணியை மாத்தி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வெச்சதுல ஒம்பதும் தப்பிச்சுது. அதுல ரெண்டு, வயித்துக்கடியில முட்டையைச் சுமந்துக்கிட்டு விசிறிக்கிட்டே திரிஞ்சுது. மூணு நாலு வாரத்துல எள்ளு மாதிரி குட்டிங்க. இப்ப எண்ண முடியல. நேத்து நான் தொட்டிக்கிட்ட போனப்ப பின்னாடிலேர்ந்து ஒரு குரல்: "அப்பா, கையக் காட்டு."

காட்டினேன். மோந்து பார்த்துட்டு, "போய் இன்னொரு வாட்டி கழுவிட்டு வா"ன்னுட்டா.

கழுவிட்டு வந்தேன்.

பி.கு: எறா தொக்கு சாப்பிடுறதை விட்டுட்டீங்களான்னு கேக்கப் போறீங்க. அந்தக் கேள்விக்கு இந்தப் பதிவுல இடம் இல்லை :-)